பதிவில்லாத புதன்கிழமை

மூன்று முறை அந்தக் கட்டடத்தைக் கடந்து போனேன்.
முதல் நாள் கையில் குடை இருந்தது, மழை இல்லை.
இரண்டாம் நாள் படியில் தெரிந்த முகம் ஒன்று
"என்ன இந்தப் பக்கம்?" என்றது.
நூலகத்துக்கு என்றேன்.
நூலகம் எதிர்த்திசையில் இருக்கிறது.

இன்று புதன். இரண்டரை மணி.
சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால்,
காகங்கள் சோற்றுப் பார்சல் கிழிக்கும் ஒழுங்கையில்
இன்னொரு கதவு உண்டென்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள்.
பலகையில் மூன்று மொழி.
தமிழில் மட்டும் 'குறைகேள்' அதிகாரி
'குறைகோள்' அதிகாரி ஆகியிருந்தார்.
சிரிப்பு வந்தது. அதோடு கொஞ்சம் தைரியமும்.

மிஸிஸ் தெனிபிட்டிய மின்விசிறியை நிறுத்தினார்,
நான் மெதுவாகத்தான் பேசுவேன் என்று தெரிந்தவர்போல.
"எந்த மொழி வசதி?"
திகதிகளை ஆங்கிலத்தில் சொன்னேன்.
மற்றதெல்லாம் தமிழில் வந்தது.
மட்டக்களப்பில் நாலு வருஷம் வேலை செய்தவராம்.
"விளங்குது, நீங்க சொல்லுங்க."

நுளம்புக் குடம்பிகள்.
நானூற்றுப் பன்னிரண்டு கலங்கள்.
வெள்ளவத்தைக் கூரைப்பீலிகள், கிருலப்பனை டயர்கள்,
கனத்தை மயானத்துப் பூச்சாடிகள்.
செத்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே
துளிகுழாயால் உறிஞ்சி எண்ணினேன்.
இரண்டு மழைக்காலம். ஒருமுறை எனக்கே டெங்கு.
கட்டுரை வெளிவந்தது.
அட்டவணை இரண்டு என்னுடையது, வரைபடம் என்னுடையது.
நான்கு பெயர்கள். நான் இல்லை.
கடைசியில் பொடி எழுத்தில்:
களப்பணியில் உதவியவர்களுக்கு நன்றி.

அவர் யார் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.
அப்பாவோடு படித்தவர். எனக்குப் போர்டிங் தேடித் தந்தவர்.
காய்ச்சலில் கிடந்தபோது அவர் மனைவி
கஞ்சி கொடுத்து அனுப்பினார், போத்தலில், சூடாக.
நான் வாய்திறந்தால் அது
பம்பலப்பிட்டிக் கோயில் வாசலில் செருப்புப் போடுமுன்
ஊருக்குப் போய்விடும்:
பெட்டைக்கு வாய் கூடிப்போச்சு.

"உங்கட பெயரை நான் எழுதுறதில்லை" என்றார்.
"யாருடையதாவது உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் பேசுவேன்.
மற்றபடி, நீங்க சொல்லாமல்
இந்தக் கதவைத் தாண்டி ஒன்றும் போகாது."

இந்த நகரத்தில் ஓர் அலுவலகம்
பெயர் கேட்கவில்லை என்பதை
எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை.
பொலிஸ் பதிவுத் துண்டை மூன்றாய் மடித்து
அப்பா சட்டைப்பையில் வைத்திருந்த நகரம் இது.
மடிப்பில் எங்கள் பெயர்கள் கிழிந்துபோகும்.
மறுபடி வரிசை.

ஒரு தாளில் என் பெயர் இல்லை என்று வந்தவள்
இன்னொரு தாளில் என் பெயர் வேண்டாம் என்று கெஞ்சுகிறேன்.
அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். நானும்.
பிறகுதான் அழுகை.

தீர்ப்புச் சொல்லும் ஆள் தான் இல்லையாம்.
சஞ்சிகைக்கு நானே எழுதலாம்.
மூன்றாம் ஆளை வைத்துப் பேசலாம்.
முறைப்பாடு என்றால் மேல்மாடி; அங்கே பெயர் கேட்பார்கள்.
ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், அதுவும் வழிதான்.
அதைக் கேட்டபோதுதான்
அது எனக்கு வேண்டாம் என்று தெரிந்தது.
"எதைச் செய்தாலும் குறிப்பேட்டை முதலில் கொப்பி எடுங்க."
திகதிகள் கிறுக்கிய தாளை என் கண்முன்னே கிழித்தார்,
நீளவாக்கில், பிறகு குறுக்கே.

நாலு மணிக்குக் குடம்பிகளுக்கு மீன்தீனி போடவேண்டும்.
அவர் ஆய்வுகூட வாசலில் நின்றார்.
"எங்க போனனீர்?"
"பல்லு" என்றேன்.
"கவனம், விட்டால் கூடும்" என்றார், உண்மையான அக்கறையோடு.
அதுதான் தாங்கமுடியவில்லை.

ஆறரைக்குத் தும்முல்லைச் சந்தி. மழை.
நூற்று எண்பத்தாறு பக்கம்,
பாதியில் பூச்சாடித் தண்ணீரின் கறை.
பில் போடும் பொடியன் சிங்களத்தில் பெயர் கேட்டான்.
'தர்ஷன' என்று எழுதினான்.
முன்னால் ஒரு 'நி' இருக்கிறது என்றேன்.
வெட்டி எழுதினான்.
கடைசி எழுத்து நெடில் என்றேன்.
பின்னால் ஆட்கள் நனைந்துகொண்டு நின்றார்கள்.
அவன் இன்னொரு பில் கிழித்தான்.