வெள்ளை வரி

நாலு மணி இருட்டில்
லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கி வரும் வண்டி.
பெட்டிக்குப் பன்னிரண்டு.
பாதி தூக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து
எண்ணி இறக்குவேன்.
செத்தவை தனி. இன்றைக்கு நான்கு.
"வெயிலு அக்கா" என்பான் டிரைவர் சித்தலிங்கா.
ராத்திரியிலும் வெயில்தான் அவனுக்கு.

பதினோரு வருஷம் இந்தக் கட்டையின் முன்னால்.
பண்ணை ஒன்றையும் பார்த்ததில்லை.
தொட்டபள்ளாபுரம் எந்தத் திக்கென்று கேட்டால்
கை காட்டத் தெரியாது.
கத்திக்குத் தெரியும்.

கால் மூட்டில் பழுப்பாய்க் கருகலா,
அங்கே உமி மாற்றவில்லை.
எச்சத்தின் காரத்தில் உட்கார்ந்தே இருந்திருக்கிறது,
எழுந்தால் போக இடம் எங்கே.
இறக்கை நுனியில் நீலம் கட்டியிருந்தால்
பிடித்தவன் அவசரக்காரன், ஒரு கைக்கு ஐந்து.
அறுத்த அரை மணியில் தட்டில் நீர்விட்டு
சதை வெளிறித் தொய்ந்தால்
வண்டி வழியில் எங்கோ நின்றிருக்கிறது,
காற்றில்லாத பகலில்,
சித்தலிங்கா டீ குடிக்கிற நேரம்.

அப்புறம் அந்த வரிகள்.
நெஞ்சுக்கறியில் நெடுக, மெல்லிசாக, வெள்ளையாக.
முப்பத்தெட்டு நாளில் இரண்டரை கிலோ.
அழுத்தினால் சில நெஞ்சு பலகை மாதிரி நிற்கும்.
முதன்முதல் பார்த்த அன்று
சேலைக்கு மேலாகவே என் வயிற்றைத் தொட்டுக்கொண்டேன்.
எனக்கு அது ஒன்பது மாசத்தில் வந்தது.

ஏழாவது மாடி அனகா மேடம்
போனில் படம் எடுத்து நீட்டினார்:
"இது என்ன கோடு? வியாதியா?"
"கொழுப்பு மேடம்" என்றார் முதலாளி பெனடிக்ட்
கல்லாவிலிருந்து தலை தூக்காமல்.
கோடில்லாதது வேணும்.
மெத்தென்று இருக்கணும். எலும்பு கூடாது.
விலை இதே விலை.

அடுத்த ஞாயிறு
கனகபுரா பக்கமிருந்து ஆறு கோழி கொண்டுவந்தார்,
ஓடித் திரிந்தவை, நாலு மாசம் தாண்டியவை.
தொடையில் கத்தி நின்றது.
எலும்பில் பட்டு ஒரு சத்தம்,
இந்தக் கடையில் நான் கேட்டிராத சத்தம்.
கறி சிவப்பு. கொழுப்பு
கை கழுவியும் போகாத மஞ்சள்.
ஒன்றின் கல்லீரலுக்கு அடியில்
இரைப்பையைப் பிளந்தேன்:
மணல், இரண்டு சோளம், வெட்டுக்கிளிக் கால்,
நீல நிறத்தில் ஒரு சட்டைப் பித்தான்.
யாருடைய சட்டையோ.

மேடம் செவ்வாயே வந்துவிட்டார்.
"ஆறு விசில் விட்டேன்.
பையன் ஒரு வாய் மென்றுவிட்டு
வாய் வலிக்குதுங்கிறான்."
பெனடிக்ட் தலையாட்டினார்.
மிச்சம் இரண்டை எனக்கே பாதி விலைக்குத் தந்தார்.
ஒன்றரை மணி நேரம் வெந்தது,
கேஸ் தீர்ந்துவிடுமோ என்று பயந்தபடி நின்றேன்.
என் மகள் எலும்பைக் கடித்து உறிஞ்சினாள்,
பேசவே இல்லை.
நன்றாயிருந்ததா என்று நானும் கேட்கவில்லை.
கேட்டால் மறுபடி வேணும் என்பாள்.

கடை மூடியதும்
வாளியில் கல்லுப்புத் தண்ணீர்.
பன்னிரண்டு மணி நேர ஈரம் நின்ற பாதம்,
விரலிடுக்கில் வெந்து பழுப்பேறிய தோல்.
பார்பேட்டாவிலிருந்து வந்த மொனிருல்
தன் காலையும் என் வாளிக்குள் விட்டுக்கொண்டு
கடையில் கற்ற தமிழில் சொல்வான்:
"அக்கா, நம்ம ரெண்டு பேரும் ரிஜெக்ட்டு பீசு."
சிரிப்போம். ஆறுக்குப் பத்து அறையில்
அவனோடு ஏழு பேர்.
அதை அவன் சொன்னதில்லை,
முட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பித்தான் சில்லறை டப்பாவில் கிடக்கிறது.
ஐம்பது காசு என்று நினைத்து
ஒருமுறை யாருக்கோ கொடுக்கப் பார்த்தேன்.

இப்போதும் ஒவ்வொரு இரைப்பையையும்
வேலை மெனக்கெட்டுப் பிளந்துதான் பார்க்கிறேன்.
பெனடிக்ட் திட்டுகிறார், கூட்டம் நிற்குது என்று.
மஞ்சள் மாவு.
மஞ்சள் மாவு.
மஞ்சள் மாவு.