இரண்டு, ஐந்து, சைபர்

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது
கையடக்கமாக, கறுப்பாக,
டிஜிட்டல் ஸ்கேனர்.
நாப்பத்தெட்டாயிரமுங்க என்றான் காந்திபுரத்துக் கடைப்பையன்.
என் கூலி நாளுக்கு அறுநூத்தி இருபது.
எழுபத்தெட்டு நாள் சோறு தின்னாமல் இருந்தால்
எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

எதுக்குங்க்கா உங்களுக்கு இது?
எனக்கு முன்னால் விலை கேட்ட ஆம்பளையிடம்
அவன் அதைக் கேட்கவில்லை.

எதுக்கு.
பத்தொன்பது வருஷமாய்க் கணபதியில்
மோட்டாருக்குத் தாமிரம் சுற்றுகிறேன்.
சுற்றி முடித்து கரண்ட் கொடுத்தால் உறுமும்.
இத்தனை வருஷத்தில்
கம்பி என்னோடு பேசியது அந்த ஒரு சொல்தான்.
அதற்கு வேறு பேச்சும் தெரியும் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உக்கடம்.
செருப்புக் குவியலுக்கும் மிக்ஸி ஜாருக்கும் நடுவே
ஜமாலுதீன் பாய் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார்:
கட்டைவிரல் நீளத்தில் ஒரு டாங்கிள்.
டிவி பாக்கறதுக்குன்னு வந்துச்சும்மா,
ஒருத்தரும் பாக்கல. ஆனா காது நல்ல காது.
ஆயிரத்தி தொள்ளாயிரம் என்றார்.
ஆயிரத்தி முன்னூத்தைம்பதில் நின்றோம்.
இரண்டு எழுத்துப் பல் விழுந்த லேப்டாப்
மூவாயிரம்.
வெறுமனே கேளும்மா, பேசிப்புடாத,
பேசறதுக்கு லைசன்ஸ் வேணும் என்றார்.
வீட்டிலும் அப்படித்தான் பாய் என்றேன்.

ஆன்டெனா மட்டும் காசில்லை.
பட்டறையில் மிஞ்சிய பதினாலாம் நம்பர் கம்பி,
இரண்டு அடிக்குக் கால் அங்குலம் கூட.
அளந்து வெட்ட எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.
மொட்டைமாடியில் துணிக்கொடிக் கம்பத்தில் கட்டினேன்.

முதல் ராத்திரி முழுக்க
எண்ணெயில் கடுகு.
நடுநடுவே டிஜிட்டல் பேச்சு,
பல்லுக்கு நடுவே தகரத்தை வைத்துக் கடிக்கிற சத்தம்.
சிலது சாப்ட்வேர் போட்டால் திறக்கிறதாம்.
சிலது பூட்டு.
பூட்டின வீட்டு வாசலில் நின்று
ஆட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை.
அடுத்த அலைவரிசைக்கு நகர்ந்தேன்.

மூன்றாம் ராத்திரி,
ஆடி மாசம்,
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்து வைத்திருந்த நேரம்,
பக்கெட்டு ஒன்று தானாக உருண்டுபோனது.
அப்போது ஒருத்தி பேசினாள்.
தூக்கமில்லாத, கறாரான குரல்.
பீளமேட்டு டவர்.
மேலே யாருக்கோ சொல்கிறாள் இங்கிலீஷில்:
காற்று, இரண்டு, ஐந்து, சைபர்.
பதினெட்டு நாட்.
இறங்கலாம்.
அவன் எண்களைத் திருப்பிச் சொன்னான்,
கடன்காரன் முன்னால் பணம் எண்ணுகிறவன்போல
ஒவ்வொன்றாக.

இரண்டு ஐந்து சைபர் என்றால் எந்தப் பக்கம்?
கேசவன் பையனின் வட்டமானி இருக்கிறது அட்டாலியில்.
எடுத்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மேற்கு. கொஞ்சம் தெற்கே சாய்ந்த மேற்கு.

அட,
இது என் முந்தானையைப் பிடுங்கின காற்று.
என் மாடியைத் தாண்டித்தான்
அவளிடம் போயிருக்கிறது,
போய், எண்ணாகி,
என் கம்பி வழியாகவே திரும்பி வந்திருக்கிறது.

நாலாயிரத்து முன்னூத்தைம்பது ரூபாய்
என் மூஞ்சியில் அடிக்கிற காற்றைக் காதால் கேட்க.
நாளைக்குப் பட்டறையில் சொன்னால் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.

சங்கனூர்ப் பக்கம் ஒரு வெளிச்சம் தாழ்ந்து வந்தது.
சக்கரம் தரை தொட்ட சத்தம் இங்கே வராது.
தேங்க் யூ, குட்நைட் என்றான் அவன்.
லைசன்ஸ் இல்லை எனக்கு.
வாயை மூடிக்கொண்டு
தலையை மட்டும் ஆட்டினேன்.