இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

ஒக்தாவியோ பெல்லூச்சி, வயது ஐம்பத்து மூன்று,
மாவு ஆலையில் இரவுக் காவல்.
சைக்கிளில் வேலைக்குப் போகிற வழியில்
ரொட்டி வாங்கத் திரும்பினார்.
லாரி.

இவ்வளவுதான் சங்கதி.
மீதி முப்பத்தொன்பது பக்கமும் சட்டம்.

ரொசாரியோவின் மேல்முறையீட்டு மன்றம் சொன்னது:
வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே
வழக்கமான வழி ஒன்று உண்டு.
அதில் செத்தால் இழப்பீடு.
இறந்தவர் அதைவிட்டு விலகிய தூரம்
இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
விலகியது அவரது சொந்த விருப்பம்.
மனு தள்ளுபடி.

நான் தீர்ப்புகளுக்கு உரை எழுதுகிறவள்.
மாதம் ஒன்று, இருபத்திரண்டு வருடம்,
சட்ட இதழின் கடைசிப் பக்கங்களில்.
வக்கீல்கள் முதலில் அங்கேதான் புரட்டுகிறார்கள் என்று
யாரோ சொன்னதிலிருந்து
எனக்குக் கொஞ்சம் கர்வம்.

இந்தத் தீர்ப்பைப் பாராட்டினேன்.
நூல் பிடித்தாற்போன்ற தர்க்கம் என்று எழுதினேன்.
பதினேழாம் பத்தியில் ஒரு காற்புள்ளியைக் குறை சொன்னேன்,
நடுநிலைக்கு அது போதும் என்று.
மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி இத்தூர்பேயை
ஒரே வரியில் கடந்தேன்:
"இரக்கம் வாதமாகாது."
பிறகு மூன்று பேர் அதை மேற்கோள் காட்டினார்கள்.
ஒருவர் தலைப்பாகவே வைத்தார்.

ஆகஸ்ட் மாதம், பல்வலி.
பஸ் வேலைநிறுத்தம்.
மருத்துவர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்.
தெருப்பலகையில் ஒரு பெயர்,
எங்கோ படித்தது.
எங்கோ என்ன, பத்தி ஒன்பது.

தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
வரைபடத்தில் ஆலைக்கு நேர்கோடு.
தரையில், அந்தக் கோட்டின் குறுக்கே தண்டவாளம்.
சோயா ஏற்றிய சரக்கு ரயில்
துறைமுகத்தில் இடம் கிடைக்காமல்
அசையாமல் கிடந்தது.
பெட்டிகளை எண்ணினேன், அறுபதில் விட்டுவிட்டேன்.
கேட் மூடியிருந்தது.

சைக்கிள்காரர்கள் யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை.
ஒருவர் பின் ஒருவராக,
தலையைத் திருப்பாமல் ஹேண்டிலைத் திருப்பி
பேக்கரி மூலையில் வளைந்து
மேம்பாலத்துக்குப் போனார்கள்.
ஒரு சிறுமி, பின்சீட்டில் நாயோடு.
இரண்டு செவிலியர்கள்.
ஆலைச் சீருடையில் ஒரு ஆள்.

கடைக்காரி சொன்னாள்:
"தினமும் ஏழு மணிக்கு இதே கூத்து.
ரயில் நிற்பதால்தான் எனக்கு வியாபாரமே."
பிறை ரொட்டி கேட்டேன்.
தீர்ந்துவிட்டது என்றாள்.

பல் பிடுங்கிக்கொண்டு வந்து,
வாயில் பஞ்சோடு, இத்தூர்பேயைத் திறந்தேன்.
ஆறாம் பத்தி, இரண்டாம் வாக்கியம்:
"கேட் பற்றிய மனைவியின் சாட்சியம்
யாராலும் மறுக்கப்படவில்லை."
என் பிரதியில் அந்த ஓரத்தில் பென்சில் குறி எதுவும் இல்லை.
அந்தப் பக்கத்தின் மேல் கோப்பை வைத்த வட்டம் மட்டும்.

பதினொரு வரி எழுதினேன்.
பதிப்பாசிரியர் பௌத்தாசோ தொலைபேசியில் கேட்டார்:
"தீர்ப்பு இறுதியாகி ஒன்றரை வருடம் ஆகிறது.
இது திருத்தமா, வருத்தமா?
எந்தப் பகுதியில் போடுவது?"
முதலில் எங்கே தவறாக எழுதினேனோ அங்கே என்றேன்.
இடமில்லை என்றார்.
பிறகு எப்படியோ இடம் வந்தது,
சந்தா விளம்பரத்துக்கு மேலே.

இதழ் ஒன்றை நெலிடா பெல்லூச்சிக்கு அனுப்பினேன்.
அனுப்பியிருக்க வேண்டுமா, தெரியவில்லை.
பதில் மூன்று வாரம் கழித்து வந்தது,
மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்,
அழுத்தமான கையெழுத்தில்:

அம்மா, படித்தேன். இரண்டு முறை.
அவர் ரொட்டி வாங்கியது எனக்காக, அதையும் எழுதியிருக்கலாம்.
இதனால் வழக்கு மறுபடி திறக்குமா?

இல்லை என்று எழுத
எனக்கு அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை.