முப்பத்தாறு புள்ளி ஏழு

மூணரைக்குத் தலைவிளக்கைக் கட்டியதும்
ஜஸ்டஸ் ரப்பர் மரத்துக்குப் போகமாட்டான்.
முதலில் என்னிடம் வருவான்.
"வாயைத் திற, விஜிலா."
எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது.
நாக்குக்கு அடியில் சில்லென்ற கண்ணாடி,
பாதி உறக்கத்தில் நான்,
முழு வெளிச்சத்தில் என் முகம்.

"முப்பத்தாறு புள்ளி நாலு" என்பான்,
மீன்காரி எடை சொல்வதுபோல.
பால்வெட்டு நோட்டில்
எத்தனை மரம், எத்தனை லிட்டர்,
அதன் பக்கத்தில் நான்.
எழுதி வைத்துவிட்டு
எல்லை தாண்டி வெள்ளறடைக்கு பைக்கை விடுவான்.

சுவரில் இரண்டு கலண்டர்.
ஒன்று பங்குக் கோயிலில் கொடுத்தது,
மற்றது பாறசாலை நகைக்கடையில்.
இதில் ஆவணி பிறந்தால் அதில் சிங்கம்,
சில வருஷம் ஒரு நாள் பிசகும்.
என் மாசம் இரண்டிலும் இல்லை.
இருபத்தாறில் வரும்,
அடைமழையில் முப்பத்துமூன்று வரை இழுக்கும்.

அச்சன் சொல்லித்தான் இதெல்லாம் என்று
களியக்காவிளையில் நினைக்கிறார்கள்.
மாத்திரை தின்று நான் வாந்தியெடுத்த ஆறு மாசம்
அச்சனுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின வகுப்பில்
சிஸ்டர் பலகையில் கோடு ஏற்றி இறக்கினார்.
பன்னிரண்டு ஜோடியும் தரையைப் பார்த்தோம்.
"முட்டை வெள்ளைபோல நூல் விட்டால்
அது விளைகிற நாள்."
ஜஸ்டஸ் எழுந்து கேட்டான்:
"ஒட்டுமா சிஸ்டர், வழுக்குமா?"
எல்லாரும் சிரித்தார்கள்.
விரலில் தொட்டுப் பாலின் பதம் பார்க்கிறவன்
நிஜமாகத்தான் கேட்டான்.

வகுப்பில் சொல்லாதது ஒன்றுண்டு.
நூல் விடும் அந்த நாலு நாள்தான்
எனக்கு அவன்மேல் ஆசை அடங்காது.
ஆசிட்டும் ஒட்டுப்பாலும் நாறும் சட்டையைக்கூட
முகர்ந்துகொண்டு நிற்பேன்.
அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான்.
நோட்டுக்கு அவன் காவல்.
திருடி நான்.

ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல்.
முப்பத்தொன்பது என்று ஏறி நின்றது,
எது காய்ச்சல், எது கருமுட்டை,
யாருக்குத் தெரியும்?
பதினெட்டு ராத்திரி
புகைப்புரையில் ஷீட்டுகளுக்கு அடியில் படுத்தான்.
இருமிக்கொண்டே காலையில் வந்தவனிடம்
"என்னை ஒரு எண்ணாக்கிட்டீங்க" என்றேன்.
"எப்பவும் எண்ணிட்டுத்தானே இருக்கேன்" என்றான்.
கோபம் போகவில்லை.
கட்டன்சாயா மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

இன்று மழை, வெட்டு இல்லை.
மூணரைக்கு அப்படியும் விழித்தான்.
விளக்கு, உதடு, கண்ணாடி.
ஏறி நிற்கும் மூன்றாம் நாள்.
எண்ணைச் சொல்லவில்லை.
விளக்கை அணைத்தான்.
ரெனிஷா அடுத்த அறையில் புரண்டு படுத்தாள்,
ஓட்டின்மேல் மழை.

மத்தியானம் நோட்டைத் திறந்தால்
மரம் இல்லை, லிட்டர் இல்லை, நானும் இல்லை.
தலையணைக்கு அடியில் தடவி எடுத்தேன்.
உதற மறந்திருந்தான்,
பாதரசம் அப்படியே நின்றது.
பார்த்து நானே எழுதினேன்.