தலை கவனம்

ஸ்டிக்கர் உரிந்துபோன டிரைவ்.
முகத்தைப் பார்த்து ஆள் சொல்ல ஏலாது.
முந்நூற்றறுபதுக்கும் ஒன்று தசம் இரண்டுக்கும்
ஒரே அகலம், ஒரே கறுப்புச் சட்டை, ஒரே நெம்பு.

றெஜீனா குருநகரிலிருந்து ஓட்டோவில் கொண்டுவந்தாள்.
கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தை இடிக்கிறார்களாம்.
"இரும்பு விலைக்குக் கேட்டவை, நான் குடுக்கேல்லை" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"எவ்வளவு போகும்?"

கரண்ட் குடுக்கவில்லை.
இவ்வளவு காலம் கிடந்ததை உலுக்கி எழுப்பினால்
மஞ்சள் துளிபோல நிற்கிற அந்தக் கண்டென்சர்
வெடி கொளுத்தினமாதிரி வெடிக்கும்.
முதலில் திருகாணிகள். உப்புத் துரு. ஒரு பிடி மணல்.
கேஸின் இரண்டு விளிம்பிலும்
கயிறு அறுத்த தடம்.

நெம்பைத் திருப்பினேன், உள்ளே ஏதோ இருந்தது.
பிளொப்பி இல்லை.
பிஸ்கற் பெட்டி மட்டை.
பிளொப்பி அளவுக்கே வெட்டினது,
ஒரு மூலையில் கத்தரிக்கோல் வழுக்கியிருந்தது.
நீலப் பேனையால் இரண்டு சொல்:
தலை கவனம்.
'லை'க்குப் பழைய எழுத்து, தும்பிக்கை வைத்தது.

மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை,
நடுவில் ஒன்றுமில்லாமல் தூக்கிக்கொண்டு போனால்
ஒன்றோடொன்று முட்டிச் சாகும்.
கம்பனி தந்த மட்டை தொலைந்திருக்கும்.
ஐப்பசி மழையில் ஊரே நாவற்குழிப் பாலத்தில் நெரிந்தபோது
ஒருவர் இருந்து மட்டை வெட்டியிருக்கிறார்.
அல்லது அது வேறொரு இரவாயிருக்கலாம்.
"ஆற்ற எழுத்து?" என்றாள்.
தெரியாது என்றேன். கயிற்றுத் தடத்தை மட்டும் காட்டினேன்.

இரண்டு தலையையும் ஸ்பிரிட் பஞ்சால் தொட்டேன்.
தேய்க்கக் கூடாது, தொடவேணும்.
கடையெல்லாம் எல்ஈடி மாட்டின பிறகும்
இந்த வேலைக்கென்றே ஒரு ரியூப்லைற் வைத்திருக்கிறேன்.
சுழல்சில்லில் இரண்டு வட்டமாய்க் கோடுகள்:
அறுபது அவங்கட கரண்டுக்கு, ஐம்பது எங்கடைக்கு.
சுத்தவிட்டேன். ஐம்பதின் கோடுகள்
நடுங்கி, நடுங்கி, அப்படியே நின்றுவிட்டன.
நிமிடத்துக்கு முந்நூறு சுற்று.
தலை உள்ளே போன அடியை எண்ணினேன், நாற்பது.
முந்நூற்றறுபதேதான் நீ.

சங்கத்து பிளொப்பி ஒன்றும் வரவில்லை.
என்னுடையதில் ஒன்றை,
போனாலும் அழாத ஒன்றைக் குடுத்தேன்.
வாசித்தது.

விலை சொன்னேன். றெஜீனா தலையாட்டினாள், விற்கிறேன் என்று சொல்லவில்லை.
மட்டையை எடுத்துக் கைப்பையில் வைக்கப் பார்த்தாள்.
"தாங்கோ" என்று வாங்கித்
திரும்பச் செருகி, நெம்பை மூடினேன்.
பீச் றோட்டில் இன்னும் கிடங்கு நிரப்பேல்லை.