பேய்க்கு மூச்சு

பெர்னிக் தாண்டி, மூடிக்கிடந்த உருக்காலையின்
குளிர்தொட்டிக்குள் வீடு கட்டினார்கள்.
இரண்டு மாடி. ஒன்பது கதவு. கூரை கிடையாது,
கேமரா இறங்க வேண்டுமே.
பிறகு மூன்று நாள் இரவும் பகலும்
தண்ணீர் விட்டார்கள்.

நாற்காலிகளைத் தரையோடு முடுக்கினோம்.
திரைச்சீலை ஓரத்தில் ஈயக்குண்டு வைத்துத் தைத்தோம்.
புத்தக அட்டைகளுக்குள் செங்கல்.
நூறாண்டு பாழடைந்த தோற்றத்துக்கு
பால்பவுடரும் பொடியாய் அரிந்த கீரையும்
வாளி வாளியாய் விழுந்தன.
நாலாம் நாள் பேய்வீட்டில்
சூப் வாசனை அடித்தது.

என் பெயர் கமென். எங்கள் மொழியில் கல்.
வார்னா துறைமுகத்தில்
கப்பல்களின் அடிவயிற்றைப் பற்றவைத்தவன்.
இங்கே சுவருக்குப் பின்னால் வேலை:
ஒரு காற்றுக்குழாயோடு
எந்தச் சட்டகத்திலும் விழாமல் இருப்பது.

நெவெனாதான் பேய்.
கதைப்படி வீட்டுக்குள் நீந்தி வரும் மூவருக்கும்
முகமூடி, விளக்கு, முதுகு நிறையக் காற்று.
பேய்க்கு ஓர் இரவு அங்கி மட்டும்.
வெறுங்கண்ணுக்கு நீருக்கடியில்
எல்லாம் கலங்கிய வெளிச்சம்.
எல்லோரும் அஞ்ச வேண்டியவளுக்கு
எதிரே நிற்பது யாரென்றே தெரியாது.

பேய் மூச்சு விடக்கூடாது.
ஒரு குமிழி கிளம்பினால் ஷாட் போச்சு.
நாற்பது நொடி. 'கட்.'
அவள் கை இடப்பக்கம் துழாவும்,
நான் குழாயை வாயில் வைப்பேன்.
பதினோரு நாள். கீழே ஏது பேச்சு?
என் கட்டைவிரல் தழும்பைத் தடவி
நான்தான் என்று தெரிந்துகொள்வாள்.

இயக்குநர் யெப்பே, டென்மார்க்காரர்,
மேலே உலர்ந்த நாற்காலியில்.
நீருக்கடி ஒலிபெருக்கியில் கேட்டார்:
இன்னொரு டேக் முடியுமா?
அவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.
எங்கள் ஊரில் அது 'முடியாது'.
அவர் ஊரில் 'சரி'.
வெளிநாட்டாரோடு எத்தனை படம் நடித்தவள்!
மூச்சு திணறும்போது
தலை தாய்மொழியில்தான் அசையும்.
நான் அவள் முதுகுப் பக்கம்.
கூந்தல் அசைந்தது.
தண்ணீரில் கூந்தல் எப்போதும்தான் அசையும்.

'ஆக்‌ஷன்.'
குழாயை நானே வாங்கிக்கொண்டு போனேன்.

முப்பத்தெட்டாவது நொடி அவள் கை நீண்டது.
இடப்பக்கம் இல்லை,
நேரே, கேமராவை நோக்கி.
ஐந்து விரலும் விரிந்து,
கண்ணில் வெள்ளை மட்டும் மிஞ்சி.

உதைத்துக் கிளம்பினேன்.
காலின் துடுப்பைப் பிடித்துக்கொண்டது
திரைச்சீலை, என் கையால் தைத்த ஈயம்.
நாற்பது. நாற்பத்தொன்று.
துணி கிழிகிற சத்தம்கூட இல்லாத இடம் அது.
நாற்பத்தேழில்
குழாய் அவள் பல்லில் இடித்தது.

மேலே போர்வைக்குள் இருமியபடியே
சிகரெட் கேட்டாள்.
யெப்பே மண்டியிட்டு அழுதார், நிஜமாகவே.
அந்தத் துண்டை மட்டும்
அழிக்கவில்லை.

பனிக்காலத்தில் படம் வந்தது.
சோஃபியாவில் பேரங்காடி மாடித் திரையரங்கு.
அந்தக் கை நீண்டபோது
முன்வரிசைப் பையன் பாப்கார்னைக் கொட்டினான்.
ஒருத்தி அலறிவிட்டு
அலறியதற்காகச் சிரித்தாள்.
இருட்டில் அத்தனை பேரும் பின்னால் சாய்ந்தார்கள்.
நான் முன்னால் சாய்ந்து
எண்ணிக்கொண்டிருந்தேன்.

கதவிடுக்கில் கறுப்பாய் ஏதோ துடிக்கிறது.
பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள்:
அதோ, சுவருக்குப் பின்னால்
இன்னொன்று இருக்கிறது.
என் துடுப்பு.

நாற்பத்துநான்கில் வெட்டிவிட்டார்கள்.
அடுத்த காட்சியில் வெயில், ஏரிக்கரை,
ஆம்புலன்ஸ்.
குழாய் வரவேயில்லை.
தினமும் மூன்று காட்சி.