தேவதிரவிய அனுமானம்

அம்மா காலத்தில் அதற்குப் பெயர்
தேவதிரவிய அனுமானம்.
இப்போது அருளடையாளம்.
நடுவில் இன்னொரு பெயர் இருந்தது, அச்சடித்த ஜெபப் புத்தகங்கள்
கோவில் அலமாரியில், கரையானுக்கு.

முதலில் ஓடும் ஆறு வேண்டுமென்றார்களாம்.
பிறகு தொட்டி.
பிறகு தலையில் மூன்று கை நீர் போதும் என்று
இறங்கி வந்திருக்கிறார்கள்.
கம்மனஹள்ளிக்கு வருவதற்குள்
டேங்கர்.

மார்ச். போர்வெல் காற்றைத்தான் துப்புகிறது.
பிளவேந்திரன் மகள் தும்முகிறாள்,
உச்சியில் பட்ட குளிர்.
வாசலில் நஞ்சுண்டா,
ஆயிரத்து நானூறு பாக்கிக்கு:
“ஆய்த்தா?”

எந்த நொடியில் ஆகிறது என்பதற்குத்தான்
சாமியார்கள் ஆயிரம் வருஷம் சண்டை போட்டார்கள்.
தண்ணீரோடு சொல் சேர வேண்டும்,
ஊற்றுகிறவன் பாவியானாலும் பரவாயில்லை.
அதுவரை
விளக்குத் துடைக்கிற எனக்கும் புரிகிறது.

மிச்சத்தைச் சாக்கடையில் விடக்கூடாது,
மண்ணுக்குத்தான்.
வளாகம் முழுக்க சிமெண்ட்.
பெயின்ட் டப்பாவில் ஒரு பப்பாளிக் கன்று,
குடத்தோடு அதற்குப் போகிற வழியில்
கிரீஸ் படிந்த இரண்டு கையையும் நீட்டுகிறான் நஞ்சுண்டா.

ஊற்றினேன்.
மூன்று தடவை. எண்ணியது கைப்பழக்கம்.
சொல் எதுவும் நான் சொல்லவில்லை.
முகத்தையும் கழுவிக்கொண்டு
அவன்தான் சொன்னான்,
“ஆய்த்து.”